பகிர்வு டிரைவைச் சுத்தம் செய்யச் சொல்கிறார் முதலாளி: எதை அழிப்பது, எதை விடுவது?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2025

கோலாலம்பூரில் அச்சகமும் பதிப்பகமும் சேர்ந்து நடக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணினி தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால் சர்வர் அறையின் சாவியும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பகிர்வு டிரைவில் 1997 முதல் சேர்ந்த கோப்புகள் 3 டெராபைட் அளவுக்கு இருக்கின்றன. ஏப்ரலுக்குள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் குப்பையைக் கூட்டித் தள்ளிவிடு என்கிறார் முதலாளி. ஏழாண்டுகளுக்கு முற்பட்டவற்றைத் தேதி பார்த்து மொத்தமாக அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதில் தவறு உண்டா ஐயா?

8 ஜனவரி 2025, இரவு 9.40

உண்டு. எந்தத் தேதியைப் பார்த்து அழிப்பீர்கள்? விண்டோஸில் ஒரு கோப்புக்கு உருவான தேதி வேறு, திருத்திய தேதி வேறு. பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு வழக்கமான முறையில் நகலெடுத்தால், உருவான தேதி நகலெடுத்த நாளாக மாறிவிடும். திருத்திய தேதி பழையதாகவே நிற்கும். பினாங்கில் நான் 22 ஆண்டுகளாகக் கணினிப் பிரிவைப் பார்த்துவரும் சரக்கு முகவர் அலுவலகத்தில், 2016இல் பிறந்து 2008இல் திருத்தப்பட்ட கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தாத்தா பிறப்பதற்கு முன்பே பேரனுக்குக் காது குத்திய கதைதான்.

திருத்திய தேதியையும் நம்ப முடியாது. அச்சிடுவதற்காகப் பழைய எக்செல் கோப்பைத் திறந்த ஒருவர், மூடும்போது சேமிக்கவா என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தினால் போதும், 2009ஆம் ஆண்டின் கணக்கு இன்றைய கணக்காகிவிடும். நாள்தோறும் பயன்படும் விலைப்பட்டி மாதிரி ஒன்றை யாரும் திருத்தாமலே பத்தாண்டுகள் நகலெடுத்துக்கொண்டிருப்பார்கள். தேதியை மட்டும் பார்த்தால் முதலில் அழிவது அதுதான்.

9 ஜனவரி, காலை 7.15

நேற்று ஏழாண்டுக் கணக்கைத் தொடாமல் விட்டுவிட்டேன். ஏழு என்ற எண் சரி. எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு, கணக்குப் பதிவுகளை அவை குறிக்கும் பரிவர்த்தனை முடிந்த பிறகு ஏழாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2015இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் 2020இல் நிறைவேறியிருந்தால், அதன் பதிவுகள் 2027 வரை இருந்தாக வேண்டும். வருமான வரிச் சட்டமும் ஏழாண்டு என்றுதான் சொல்கிறது, ஆனால் பற்றுச்சீட்டில் உள்ள தேதியிலிருந்து எண்ணாமல் ஆண்டின் முடிவிலிருந்து எண்ணுகிறது.

நீங்கள் பதிப்பகம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. 1999இல் ஓர் எழுத்தாளரோடு செய்த ஒப்பந்தத்தை ஏழாண்டுக் குப்பையில் சேர்த்துவிட்டால், அவருடைய பேத்தி வந்து கேட்கும் நாளில் உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

11 ஜனவரி

அப்படியானால் என்னதான் செய்வது என்று தனியாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், கோப்புகளை அதிகம் அழித்தவர்கள் கிருமி அனுப்பியவர்களும் அல்லர், மழையும் அன்று. நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்ய வந்தவர்களே. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

ஆகவே பழையதைச் சுத்தம் செய்யாதீர்கள், உறைய வையுங்கள். இப்போதுள்ள டிரைவை எல்லோருக்கும் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, அதன் பக்கத்தில் வெறுமையான புதிய டிரைவ் ஒன்றைத் திறந்துவிடுங்கள். வேலைக்குத் தேவையானதை அவரவர் பழையதிலிருந்து புதியதற்கு எடுத்துச் செல்லட்டும். ஓராண்டில் பத்தில் ஒரு பங்கு கூட நகர்ந்திருக்காது. எது உயிரோடு இருக்கிறது என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்களே உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி', 'முதலாளி பார்த்த இறுதி' என்ற நான்கில் எது இறுதி என்று நீங்கள் உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை.

14 ஜனவரி, பொங்கல்

விடுமுறைபோல் ஓர் ஓய்வு கிடைத்ததால், 'அந்தப் பட்டியலில் நானும்' என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2014இல் ஒரு பிற்பகல், புதிதாக வாங்கிய வட்டுக்குச் செயற்பாட்டுப் பிரிவின் கோப்புறையை நகலெடுக்க ரோபோகாப்பி கட்டளையைத் தட்டச்சு செய்தேன். அதில் எம்ஐஆர் என்றொரு தெரிவு உண்டு. மூலத்தில் இல்லாதது எதுவும் இலக்கில் இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள். மூலத்தையும் இலக்கையும் நான் இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன். வெறும் வட்டு மூலமாயிற்று, நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்த கோப்புறை இலக்காயிற்று. நான் கொடுத்த கட்டளையை அது ஒரு சொல் பிசகாமல் நிறைவேற்றியது. மேல்மாடியிலிருந்து முதல் தொலைபேசி வந்தபோது, 'ஆமாம், பராமரிப்பு நடக்கிறது' என்று பதில் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

காப்பாற்றியது விண்டோஸ் சர்வரின் நிழல் நகல். பகிர்வுக் கோப்புறைகளுக்கு அதை இயக்கிவிட்டு வேறெதையும் தொடாமல் விட்டால், வார நாள்களில் காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் அது ஒரு படம் எடுத்து வைக்கும். ஒரு வால்யூமுக்கு 64 படங்கள் வரை தாங்கும், அதற்கு மேல் பழையது தானே உதிரும். நண்பகல் படத்திலிருந்து எல்லாவற்றையும் மீட்டேன். பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை நாற்பது பேர் செய்த வேலை மட்டும் போயிற்று. அன்று முதல் எந்த நகல் கட்டளைக்கும் முன்னால் எல் என்ற தெரிவைச் சேர்த்து, என்ன செய்யப்போகிறது என்ற பட்டியலை மட்டும் எடுத்துப் படித்துவிட்டுத்தான் மெய்யான கட்டளையைக் கொடுக்கிறேன்.

நிழல் நகலும் அதே வட்டில், அதே பெட்டியில்தான் இருக்கிறது என்பதால் அதைப் பேக்கப் என்று கணக்கில் எழுத முடியாது. பேக்கப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

27 ஜனவரி

11ஆம் தேதி எழுதியதில் திருத்தம். உறைய வையுங்கள் என்று நான் சொன்னதைச் செய்து பார்த்த இன்னொரு வாசகர், அவருடைய அலுவலகத்தில் அக்சஸ் தரவுத்தளம் திணறுவதாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அக்சஸ் கோப்பைத் திறக்கும்போது, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒரு பூட்டுக் கோப்பை அதே கோப்புறையில் அது எழுதியாக வேண்டும். எழுத உரிமை இல்லாவிட்டால் பலர் ஒன்றாகத் திறக்க முடியாது. ஒன்றோடொன்று இணைப்பு வைத்த எக்செல் கோப்புகளும் அப்படித்தான்: ஒன்று புதிய டிரைவுக்குப் போய்விட்டாலும் அதன் இணைப்பு பழைய டிரைவையே பார்த்துக்கொண்டிருக்கும், பழைய எண்ணையே காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் அச்சம் தருவது.

ஆகவே உறைய வைப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி, எந்தெந்தக் கோப்புகள் நாள்தோறும் எழுதப்படுகின்றன என்று பார்த்து, அவற்றை முழுக் குடும்பமாக முதலில் இடம் மாற்றுங்கள். கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவசரப்பட்டு எழுதினேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி, தைப்பூசத்துக்கு மறுநாள்

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த களைப்போடு எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் பேக்கப் நாடாவை மாற்றும் பொறுப்பு எனக்கும் என் உதவியாளருக்கும் மட்டுமே இருந்ததால், ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று நாடா மாறாது. இருவருமே காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்போம். இதை ஒரு சிறு குறையாகத்தான் 2017 நவம்பர் வரை நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை பெய்த மழையைப் பினாங்கில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது, நீர் வடிந்த கோடு சுவரில் என் முழங்காலுக்கு மேல் நின்றது. அடுக்கின் கீழ்த்தட்டில் இருந்த நாடா இயந்திரத்துக்குள்ளிருந்து சேற்றுநீர் வழிந்தது. 'வேறிடத்தில் ஒரு நகல்' என்ற விதியை நாங்கள் கடைப்பிடித்தே வந்தோம். பாலத்துக்கு அப்பால் பட்டர்வொர்த் கிடங்கின் மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய நாடாக்கள் இருந்தன. அதே மழை பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறையிலும் பெய்தது, அந்தக் கிடங்கிலும் தண்ணீர் புகுந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவில் கடலே இருந்தாலும் இரண்டுக்கும் வானம் ஒன்றுதான் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.

அந்த வாரம் சம்பளம் போட முடிந்ததற்குக் காரணம், எங்கள் கணக்காளர் அக்கா யாருக்கும் சொல்லாமல் வெள்ளிதோறும் ஒரு சிறிய வட்டில் நகலெடுத்துக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனதுதான். அது நிறுவன விதிக்கு மாறானது. அவருக்குக் கண்டிப்புக் கடிதம் எழுதுவதா, நன்றிக் கடிதம் எழுதுவதா என்று நிர்வாகம் ஒரு மாதம் யோசித்து, இரண்டையும் எழுதவில்லை.

நாடாக்களில் பாதி ஈரம் படாமல் தப்பின. 2019இல் ஒரு வழக்குக்காக 2013ஆம் ஆண்டின் சரக்கு ஆவணங்கள் தேவைப்பட்டபோது, அதற்காகவே எல்டிஓ வகை நாடாவைப் படிக்கும் எட்டாம் தலைமுறை இயந்திரம், எல்டிஓ-8, ஒன்றை வாங்கினோம். எங்கள் நாடாக்கள் எல்டிஓ-5. ஏழாம் தலைமுறை வரை வந்த இயந்திரங்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படிக்கும்; எட்டாம் தலைமுறை முந்தைய ஒன்றை மட்டுமே படிக்கும். நாடா நன்றாக இருந்தது, இயந்திரமும் நன்றாக இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை. கடைசியில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் எல்டிஓ-6 இயந்திரம் கிடைத்து, அதில் படித்தோம். புதியதற்குக் கொடுத்த தொகையை இங்கே எழுத விரும்பவில்லை.

13 பிப்ரவரி

'அதனால்தானே கிளவுடுக்குப் போகிறோம்' என்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். போங்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேமிப்பான ஷேர்பாயின்ட்டில் அழித்த கோப்பு 93 நாள்தான் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஊழியர் ஒருவர் விலகி அவருடைய கணக்கை நீக்கிவிட்டால், நீங்கள் வேறு அமைப்பு செய்யாதவரை அவருடைய தனிச் சேமிப்பான ஒன்டிரைவ் 30 நாள்தான் காத்திருக்கும். விலகிய கிராணியின் மேசை இழுப்பறையை யாரும் முப்பதாம் நாள் தீ வைப்பதில்லை. இங்கே அது தானாக நடக்கிறது.

3 மார்ச்

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், நானும் வைக்கிறேன். ஆனால் கணினி நம்மைப்போல் எழுத்தை எண்ணுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

'கொள்முதல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதில் ஐந்து எழுத்துகள். யூனிகோடில் க, ஒகரக் குறி, ள, புள்ளி, ம, உகரக் குறி, த, ல, புள்ளி என்று ஒன்பது குறிகள். விண்டோஸ் ஒன்பது என்று எண்ணும். லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டிக்கு (வலையில் இணைத்த சேமிப்புப் பெட்டி) அது 27 பைட். விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 என்ற பழைய எல்லையை 2016 முதல் அமைப்பில் தளர்த்திக்கொள்ளலாம் என்றாலும், எக்ஸ்புளோரர் சாளரம் இன்னும் அந்த நீளத்தில் தடுமாறுகிறது. லினக்ஸ் பக்கத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் என்றால் தமிழில் 85 குறிகள். ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டிய கோப்புறையாக இருந்தால் 143 பைட், அதாவது 47 குறிகள். 'கொள்முதல் ஆணைகளும் வழங்குநர் ஒப்பந்தங்களும்' என்று அழகாகப் பெயர் வைத்தால் அங்கே இடம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். இதே பெயர் வலை முகவரிக்குள் போனால் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். 'கொள்முதல்' மட்டுமே 81.

இன்னொன்று, எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது. ஒரே இடத்தில் 'கொள்முதல்' என்று இரண்டு கோப்புறைகள் இருந்தன. எழுத்துப் பிழை இல்லை, இடைவெளி இல்லை, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. ஒரே பெயரில் இரண்டை எந்தக் கணினியும் அனுமதிக்காதே என்று குழம்பினேன். ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தது. மற்றதில் எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தன, ஆக மொத்தம் பத்து. இரண்டாவது, வடிவமைப்பாளரின் மேக் கணினியில் சுருக்கிய ஜிப் கோப்பிலிருந்து வந்தது. நாங்கள் பாதி ஆணைகளை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் ஓராண்டாகப் போட்டுவந்திருக்கிறோம். ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் உள்ள பெயர்களில் இது நேரும். உங்கள் அச்சகத்தில் மேக் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

4 மார்ச்

நேற்று எழுதியதில் மேக் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். குறிகளைப் பிரித்துச் சேமிப்பது எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய கோப்பு முறை. புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. எங்கள் வடிவமைப்பாளரின் கணினி பழையது. அவர் இதைப் படித்துவிட்டுப் புதிது வாங்கித் தரச் சொல்கிறார்.

22 மார்ச்

உங்கள் 1997 முதல் 2004 வரையிலான புத்தகக் கோப்புகள் பற்றி. இவற்றை வைத்திருப்பது எளிது, திறப்பதுதான் கடினம். அன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 6.0 முதல் 7.0 வரையிலானவற்றை அதன் வாரிசான இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும். அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. சிஎஸ்6 உள்ள கணினி ஒன்று அலுவலகத்தில் எங்காவது இருந்தால் அதைத் தானம் கொடுத்துவிடாதீர்கள்.

திறந்தாலும் எழுத்துரு வேண்டும். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. எழுத்துரு கோப்பு இல்லாவிட்டால் நாவல் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஆகவே எழுத்துருக்களையும் ஆவணமாகவே நினைத்து, புத்தகத்தின் பக்கத்திலேயே வையுங்கள். நெடுங்காலம் வைப்பதற்கான பிடிஎஃப்/ஏ வடிவத்தில் ஒரு நகல் எடுத்தால் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், ஐம்பது ஆண்டு கழித்தும் பக்கம் அப்படியே தெரியும் என்று நம்பலாம். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் உள்ளே இருப்பது இன்னும் அரைப்புள்ளிதான். பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப்/ஏ, பாடத்துக்கு யூனிகோடுக்கு மாற்றிய ஓர் எளிய உரைக்கோப்பு என்று இரண்டாக வைப்பதே நல்லது. மாற்றியதை ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு மாற்றியில் ஸ்ரீ எல்லாம் கேள்விக்குறியாயிற்று.

6 ஏப்ரல்

எதையும் அழிக்காதே என்கிறாயா என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். ஜனவரியில் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். சென்ற வாரம் எங்கள் உறைந்த டிரைவில் வேறு ஒன்றைத் தேடப்போய், வேலைக்கு விண்ணப்பித்து எடுக்கப்படாதவர்களின் கோப்புறை ஒன்றைக் கண்டேன். 2006 முதல் அடையாள அட்டை நகல்கள், பெற்றோர் பெயர், ஒருவருடைய மருத்துவச் சான்று. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. உறைய வைத்ததாகப் பெருமை பேசிய நான் அவர்களையும் சேர்த்து உறைய வைத்திருக்கிறேன்.

மனிதவளப் பிரிவின் அம்மையார் பக்கத்தில் உட்கார, ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்து அழித்தோம். எதை, யார் சொல்லி, எந்த நாளில் அழித்தோம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மூன்று பிற்பகல்கள் ஆயின. தேதி பார்த்து அழிக்கும் கட்டளை மூன்று விநாடியில் முடித்திருக்கும், ஆனால் அதே கோப்புறையில் தவறி விழுந்திருந்த ஒரு குத்தகை ஒப்பந்தத்தையும் சேர்த்து முடித்திருக்கும்.

2 ஜூன்

நேற்று முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. கணக்காளர் அக்காவின் கைப்பையை நினைத்தேன். எங்களைக் காப்பாற்றிய அந்த வட்டில் கடவுச்சொல் கிடையாது, அவர் நாள்தோறும் படகில் போய்வருபவர். பிப்ரவரியில் நான் அதை ஒரு வீரக் கதைபோல எழுதியிருக்கக் கூடாது. இப்போது அவரிடம் பூட்டிய வட்டுகள் இரண்டு இருக்கின்றன, வேலைப் பட்டியலிலும் அது எழுதப்பட்டுவிட்டது.

19 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவரிடமிருந்து மடல் வந்தது. ஏப்ரலில் முடிய வேண்டிய மாற்றம் ஜூலையில் முடிந்திருக்கிறது. நான் கேட்டுக்கொண்டபடி, பேக்கப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளை எடுத்து, வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்திருக்கிறார். ஏழு திறந்தன. இரண்டுக்கு எழுத்துருவைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று திறக்கவே இல்லை. அது 'புதிய கோப்புறை (14)' என்பதற்குள் கிடந்த, பேஜ்மேக்கர் 5.0இல் செய்த முதலாளியின் திருமண அழைப்பிதழ். குப்பையைக் கூட்டச் சொன்ன அவரே இப்போது நாள்தோறும் வந்து, திறந்துவிட்டதா என்று கேட்கிறாராம்.

முன்பு நாங்கள் நாட்காட்டி வடிவமைத்த விண்டோஸ் 98 கணினி ஒன்று கிடங்கில் உயரமான தட்டில் இருக்கிறது, பேஜ்மேக்கர் 6.5 அதில் உண்டு, 5.0 கோப்பை அது மாற்றித் திறக்கும். அடுத்த வாரம் கோலாலம்பூர் வரும்போது காரில் போட்டுக்கொண்டு வருகிறேன். கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. கேட்டால் எஸ்கேப் விசையை அழுத்துங்கள், உள்ளே விட்டுவிடும்.